வாசகர் கேள்வி–பதில்: பூவுக்கும் உணரிக்கும் உள்ள தூரம்

'பொருள்களின் இணையம்' (இன்டர்நெட் ஆஃப் திங்ஸ், ஐ.ஓ.டி.) பற்றிய பாடத்தில் ஐ.ஓ.டி.-ஏ (இன்டர்நெட் ஆஃப் திங்ஸ் – ஆர்க்கிடெக்சர்) என்ற ஐரோப்பியக் கூட்டாய்வுத் திட்டம் அடிக்கடி குறிப்பிடப்படுகிறது. அது என்ன செய்தது, எங்கே முடிந்தது?
– பொறியியல் மாணவி, கோவை

பொருள்களின் இணையம் என்பது அன்றாடப் பொருள்களை உணரிகள் (சென்சார்கள்) வழியே இணையத்தோடு இணைப்பது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏழாவது ஆய்வுச் சட்டகத் திட்டத்தின் நிதியில் 2010 செப்டம்பரில் தொடங்கி, 2013இன் இறுதிவரை நடந்த கூட்டு முயற்சி அது. ஒருங்கிணைப்புப் பொறுப்பு ஜெர்மானிய அமைப்பு ஒன்றிடம் இருந்தது. சந்தையில் ஒன்றோடொன்று போட்டியிடும் எஸ்.ஏ.பி., சீமென்ஸ், என்.இ.சி., ஹிட்டாச்சி போன்ற நிறுவனங்களும், இங்கிலாந்தின் சர்ரே, ரோமின் சபியென்சா ஆகிய பல்கலைக்கழகங்களும் அதில் ஒரே மேசையில் அமர்ந்தன.

அன்றைய சிக்கல் எளிதில் விளங்கக்கூடியது. கிடங்குக்கு ஒரு முறை, மருத்துவமனைக்கு வேறொரு முறை என ஒவ்வொரு துறையும் தன் உணரிகளைத் தனக்கென்றே இணைத்து வைத்திருந்ததால், பெயரில் மட்டுமே இணையம் இருந்தது. உண்மையில் இருந்தவை தனித்தனித் தீவுகள். புதிய நெறிமுறை (கருவிகள் தமக்குள் தகவல் பரிமாறும் விதிகள்) ஒன்றை உருவாக்கி அத்தீவுகளை இணைக்க இத்திட்டம் முயலவில்லை. எல்லா அமைப்புகளையும் ஒரே மொழியில் விவரிக்க உதவும் பொது மாதிரிக் கட்டமைப்பு ஒன்றை வகுத்து, வெளியார் கருத்துகளையும் கேட்டுப் பலமுறை திருத்தி, இறுதி வடிவத்தை 2013இல் வெளியிட்டது.

அந்த மாதிரியில் 'பொருள்' வேறு, 'கருவி' வேறு என்கிறார்கள். இது வெறும் சொற்பிரிப்பு இல்லையா?
– அதே மாணவி

இல்லை. என் பார்வையில் அந்தத் திட்டத்தின் ஆகச் சிறந்த பங்களிப்பே இதுதான். திட்ட அறிக்கையிலேயே வரும் உதாரணத்தைப் பாருங்கள். வெப்பம் தாங்காத ஆர்க்கிட் பூக்களை லாரியில் ஏற்றிச் செல்லும் ஓட்டுநர், சுமைப்பெட்டிகளில் வெப்ப உணரிகளைப் பொருத்துகிறார். வழியில் ஓய்வெடுக்க நிறுத்தி இன்ஜினை அணைத்ததும் குளிரூட்டலும் நின்றுவிட, பெட்டிக்குள் வெப்பம் ஏறி, அவருடைய கைப்பேசிக்கு எச்சரிக்கை வருகிறது. இங்கே நமக்குக் கவலை பூவைப் பற்றியே தவிர உணரியைப் பற்றியன்று. எனவே பூ 'பருப்பொருள்'; கணினிக்குள் அதற்கு ஈடாக நிற்கும் பதிவு 'மெய்நிகர் பொருள்'; உணரி இவ்விரண்டுக்கும் இடையிலான கருவி மட்டுமே.

உணரி பழுதாகி வேறொன்றைப் பொருத்தினாலும் பூவின் பதிவு மாறுவதில்லை. ஒரே உணரி பல செடிகளுக்கும், பல உணரிகள் ஒரே பெட்டிக்கும் பொதுவாக இருக்கலாம். இந்தப் பிரிவினையைச் செய்யாமல் நிரல் எழுதியவர்கள், உணரி எண்ணையே பொருளின் அடையாளமாக வைத்துவிட்டு, முதல் உணரியை மாற்றிய அன்றே திண்டாடுவதைப் பார்க்கலாம்.

அப்படியானால் இந்த மாதிரியைப் பின்பற்றும் இரு கருவிகள் தாமாகவே பேசிக்கொள்ளுமா?
– ஐ.டி.ஐ. ஆசிரியர், மதுரை

பேசிக்கொள்ளா. கம்பியில் எந்த நெறிமுறை செல்ல வேண்டும் என்பதை அந்த மாதிரி கட்டாயப்படுத்துவதில்லை. செயல்களை ஒன்பது தொகுதிகளாக வகுத்து, அவற்றுள் பாதுகாப்பும் மேலாண்மையும் மற்ற எல்லாத் தொகுதிகளையும் தொட்டுச் செல்ல வேண்டும் என்று சொல்வதோடு அது நின்றுகொள்கிறது (பாதுகாப்பைக் கடைசியில் ஒட்டவைக்கும் பழக்கம் இன்றும் போகவில்லை என்பது வேறு கதை). வீட்டு விளக்கும் பூட்டும் நிறுவனம் கடந்து பேசுவதற்கான 'மேட்டர்' நெறிமுறையின் முதல் பதிப்பு 2022இல்தான் வந்தது. அது நிறுவனங்கள் கூடிச் செய்த வேறு வேலை. கட்டமைப்பு அளவிலான பொதுத் தரம் என்று பார்த்தால், ஐ.எஸ்.ஓ.–ஐ.இ.சி. 30141 என்ற பன்னாட்டுத் தரம் 2018இல் வெளியானது.

உங்கள் மாணவர்களுக்குப் பல நூறு பக்க அறிக்கை முழுவதும் தேவையில்லை. ஆர்க்கிட் உதாரணத்தைப் படித்த பின், தங்கள் பட்டறையில் உள்ள ஒரு மோட்டாரை எடுத்து, அதில் பொருள் எது, கருவி எது, பதிவு எது என்று ஒரு தாளில் வரைந்து காட்டச் சொல்லுங்கள். ஆர்டுயினோ என்ற பயிற்சி மின்னணுப் பலகையை அதற்குப் பிறகு தொடட்டும்.