சின்னம்மாவின் கிணற்றடி

ஐயா, பெய்ஜிங்கில் ரோபோக்கள் அரை மரதன் ஓடியதைப் பார்த்ததிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. நாளைக்கு இவை துவக்குத் தூக்காதா? சீனாவா அமெரிக்காவா, யார் முந்தினால் எங்களைப் போன்ற சிறிய சனத்துக்கு நல்லது?
– க., கொக்குவில்

அன்புள்ள தம்பி,

கொஞ்ச நாளாக நானும் இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஓட்டத்தை விடுங்கள். 2025 ஏப்ரலில் முதலாவதாக வந்த ரோபோவுக்கே 2 மணி 40 நிமிடம் பிடித்தது, வழியில் மூன்று தரம் பற்றரி மாற்றினார்கள். அதற்காக நித்திரையைக் கெடுக்காதீர்கள்.

ஆனால் 'யார் முந்தினால் நல்லது' என்று கேட்டீர்களே, அதுதான் எனக்குக் கோபம். கிரிக்கெட் மட்சா பார்க்கிறீர்கள்? நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மின்திட்டம் 2021இல் சீன நிறுவனத்துக்குப் போய், பிறகு இந்திய மானியத்துக்கு மாறியதே. தீவுச் சனத்தை யாராவது கேட்டார்களா?

ஆளைக் கேளாமல் கொல்லும் இயந்திரம் எங்களுக்குப் புதிதும் இல்லை, தம்பி. மிதிவெடி அதுதானே! உள்ளங்கைக்குள் அடங்கும். மிதிப்பது படையாளா, மாடா, பள்ளிக்கூடப் பிள்ளையா என்று அதற்குத் தெரியாது. தாட்டவன் போய்விடுவான், அது காத்துக்கிடக்கும். அதைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கை 1997இல் வந்தது. இலங்கை 2017இல்தான் சேர்ந்தது. நீங்கள் பந்தயம் கட்டும் சீனாவும் அமெரிக்காவும் இன்றுவரை சேரவில்லை. ரஷ்யாவும் இல்லை, இந்தியாவும் இல்லை. மண்ணுக்குள் கிடக்கும் இந்தச் சின்னச் சாமானையே விட மனமில்லாதவர்கள், நடந்து போய்ச் சுடும் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? இதை யோசித்தீர்களா?

சண்டை முடிந்த பிறகு முகமாலையில் சின்னம்மாவின் வளவைப் பார்க்கப் போனோம். வட்டு இல்லாத பனைகள். சிவப்புக் கட்டைகளுக்கு அப்பால் மிதிவெடி அகற்றும் பெண்பிள்ளை ஒருத்தி, முகத்தில் கண்ணாடி மறைப்போடு முழங்காலில் இருந்து மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். மத்தியானம் வரைக்கும் ஒரு பாய் விரிக்கிற இடம்தான் முடிந்தது. அவள் தண்ணீர் குடிக்க வந்தபோது சின்னம்மா கேட்டார்:

"ஆர் பிள்ளை இதைத் தாட்டது?"

"ரெண்டு பக்கமும் தாட்டதுதான் அம்மா. இது ஆர் தாட்டது எண்டு எனக்குத் தெரியாது."

"அப்ப நான் ஆரைப் போய்க் கேக்கிறது?"

அந்தப் பிள்ளை பதில் சொல்லவில்லை. போத்தலை மூடிவிட்டுத் திரும்பவும் போய் முழங்காலில் இருந்தாள்.

நீங்களும் சின்னம்மா கேட்டதையே கேளுங்கள், தம்பி. ஒருநாள் நேரமிருந்தால் வாருங்கள், முகமாலைக்குக் கூட்டிப்போகிறேன். கிணற்றுக் கட்டு இன்னும் உடைந்தபடிதான் இருக்கிறது, ஆனால் தண்ணீர் நல்ல தண்ணீர்.