கை கால் விழவில்லை, ஆனாலும் ஸ்ட்ரோக்: சிறுமூளை பற்றிச் சில கேள்விகள்

சிறுமூளையில் ஸ்ட்ரோக் வந்தவர்களின் வீட்டார் அனுப்பிய கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். மொத்த ஸ்ட்ரோக்குகளில் இது நூற்றுக்கு இரண்டு மூன்றுதான், ஆனால் கோட்டைவிடப்படுவதில் இதற்குத்தான் முதலிடம் என்பது என் அனுபவம்.

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. காலையில் எழுந்ததும் தலைசுற்றல், நாலைந்து தடவை வாந்தி. பித்தம் என்று எலுமிச்சைச் சாறு கொடுத்துப் படுக்க வைத்தோம். மதியம் சி.டி. ஸ்கேன் எடுத்து நார்மல் என்றார்கள். மறுநாள் எம்.ஆர்.ஐ.யில் சிறுமூளையில் ஸ்ட்ரோக் என்கிறார்கள். வாய் கோணவில்லை, கை கால் விழவில்லை. இது எப்படி ஸ்ட்ரோக் ஆகும்?

நீங்கள் செய்ததைத்தான் பெரும்பாலான வீடுகளில் செய்வார்கள், அதற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள். ஸ்ட்ரோக் என்றால் முகம், கை, பேச்சு என்றுதான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம், அந்த மூன்றையும் பார்த்தால் உங்கள் அப்பா பாஸ் ஆகிவிடுவார்.

தோசைக்கல்லில் மாவை ஊற்றி வட்டமாகத் தேய்ப்பதை நினைத்துப் பாருங்கள். கையை அசைக்கும் கட்டளை பெருமூளையிலிருந்து வருகிறது. எவ்வளவு அழுத்த வேண்டும், எந்த இடத்தில் திரும்ப வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று நொடிக்கு நொடி திருத்திக்கொண்டே இருப்பது பின்மண்டையில் இருக்கும் சிறுமூளை. மூளையின் எடையில் பத்தில் ஒரு பங்குதான் அது, ஆனால் மூளையிலுள்ள சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் 6,900 கோடி அங்கேதான் இருக்கின்றன. அந்த இடம் அடிபட்டால் பலம் அப்படியே இருக்கும், கட்டுப்பாடு போய்விடும். கையைப் பிடித்து அழுத்தச் சொன்னால் இரும்புப் பிடியாகப் பிடிப்பார், எழுந்து நிற்கச் சொன்னால் சாய்ந்துவிடுவார்.

சி.டி. ஸ்கேனைப் பொறுத்தவரை, ரத்தக்கசிவு இருந்தால் அது நன்றாகவே காட்டும். அடைப்பினால் வந்த ஸ்ட்ரோக்கை, அதுவும் கெட்டியான எலும்புகளுக்கு நடுவே இருக்கும் சிறுமூளையில், முதல் சில மணி நேரத்தில் பெரும்பாலும் காட்டாது. முதல் நாளில் எடுத்த எம்.ஆர்.ஐ. கூடச் சில சமயம் தவறவிடும். அதனால்தான் கண் எப்படி ஆடுகிறது, தலையைச் சட்டென்று திருப்பினால் பார்வை நிலைக்கிறதா, ஒரு கண்ணை மூடித் திறந்தால் மற்றது மேலும் கீழும் நகர்கிறதா என்று படுக்கையருகிலேயே பார்க்கும் பரிசோதனைக்கு இவ்வளவு மதிப்பு. பழகிய கை செய்தால், ஆரம்ப நேரத்தில் அது ஸ்கேனையே மிஞ்சும் என்று 2009இல் வந்த ஆய்வு காட்டியது.

வீட்டில் இருப்பவர்கள் இந்தப் பரிசோதனையெல்லாம் செய்ய வேண்டாம். நிற்க முடிகிறதா, பிடிமானம் இல்லாமல் உட்கார முடிகிறதா, அதைப் பாருங்கள். காதுக்கோளாறால் வரும் தலைசுற்றலில் ஆள் தடுமாறினாலும் பெரும்பாலும் சமாளித்து நடந்துவிடுவார். திடீரென்று தலைசுற்றி, நாலு அடி கூட எடுத்து வைக்க முடியவில்லை, அல்லது கூடவே பின்மண்டையில் வலி, இரட்டைப் பார்வை, நாக்குழறல் என்றால் 108ஐக் கூப்பிடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் அவகாசம், எலுமிச்சைச் சாற்றுக்கும் இஞ்சிக் கஷாயத்துக்கும் அதில் இடமில்லை.

கேள்வி: என் கணவருக்கு வலது கைதான் தடுமாறுகிறது. ரிப்போர்ட்டிலும் வலது சிறுமூளை என்றே போட்டிருக்கிறது. இடது மூளை பாதித்தால்தானே வலது பக்கம் போகும்? ரிப்போர்ட் தப்பா?

ரிப்போர்ட் சரிதான். நீங்கள் சொல்லும் கணக்கு பெருமூளைக்கு. சிறுமூளையின் நரம்புப் பாதை இரண்டு தடவை பக்கம் மாறுவதால் கடைசியில் அதே பக்கத்துக்கே வந்து சேர்ந்துவிடுகிறது.

கேள்வி: அட்மிட் ஆன அன்று அம்மா நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் தூங்கித் தூங்கி விழுந்தார், உடனே தலையில் ஆபரேஷன் என்றார்கள். டாக்டர்கள் ஏதாவது தவறு செய்துவிட்டார்களா?

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை, சரியான நேரத்தில் கவனித்திருக்கிறார்கள். செத்துப்போன மூளைப்பகுதி வீங்கும், அந்த வீக்கம் பெரும்பாலும் மூன்றாம் நாள் வாக்கில் உச்சத்துக்குப் போகும். சிறுமூளை இருப்பது மிகக் குறுகலான இடம். முன்னால் மூச்சையும் நினைவையும் பார்த்துக்கொள்ளும் மூளைத்தண்டு, இரண்டுக்கும் நடுவில் மூளைநீர் வடியும் வழி. வீக்கம் அந்த வழியை அடைத்தால் நீர் மேலே தேங்கும், ஆள் மயங்குவார், கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் நீரை வடிக்க ஒரு குழாய் வைப்பார்கள், அல்லது பின்மண்டை எலும்பைக் கொஞ்சம் எடுத்து இடம் உண்டாக்குவார்கள். பயமாகத்தான் இருக்கும், ஆனால் மூளைத்தண்டு தப்பித்திருந்தால் இந்த ஆபரேஷனுக்குப் பிறகு தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் அளவுக்குத் தேறியவர்கள் நிறையப் பேர். பெரிய அளவில் சிறுமூளை ஸ்ட்ரோக் வந்தவரை "நன்றாகத்தான் இருக்கிறாரே" என்று இரண்டாம் நாளே வீட்டுக்குக் கூட்டிப்போகக் கேட்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

கேள்வி: எனக்கு 46 வயது. ஸ்ட்ரோக் வந்து ஐந்து மாதம் ஆகிறது. காலை அகட்டி வைத்துத் தள்ளாடி நடக்கிறேன், பேச்சு இழுக்கிறது. பஸ்ஸில் ஏறினால் குடிகாரன் என்று இறக்கிவிடப் பார்க்கிறார்கள். வெளியே போகவே கூசுகிறது.

படித்ததும் மனது மிகவும் கஷ்டமாகிவிட்டது. சாராயம் முதலில் ஆட வைக்கும் இடங்களில் சிறுமூளையும் ஒன்று, அதனால் நடையும் பேச்சும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கின்றன. நான் பயிற்சியில் இருந்த காலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இப்படித்தான் ஒருவரைப் போதை தெளியட்டும் என்று இரவெல்லாம் ஓரமாகப் படுக்க வைத்திருந்தார்கள், விடிந்த பிறகுதான் ஸ்ட்ரோக் என்று தெரிந்தது. அவர் குடிப்பழக்கமே இல்லாதவர். இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

நோயின் பெயரைத் தமிழில் பெரிதாக எழுதிய ஒரு மருத்துவர் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கைத்தடியும் எடுத்துப்போங்கள், தடியைப் பார்த்தாலே ஜனங்கள் ஒதுங்கி வழி விடுகிறார்கள். பேச்சுக்குப் பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள். மூச்சை இழுத்து, நாலு வார்த்தைக்கு ஒரு நிறுத்தம் வைத்து, மெதுவாகப் பேசினாலே பாதி தெளிவு வந்துவிடும்.

கேள்வி: சும்மா இருக்கும்போது கை நடுங்குவதில்லை. காபி டம்ளரை எடுக்கப் போனால்தான் நடுக்கம், வாய்க்குக் கிட்டே வரவர அதிகமாகிறது. இது பார்க்கின்சனா? மாத்திரை உண்டா?

பார்க்கின்சன் நடுக்கம் கை ஓய்வாக இருக்கும்போதுதான் அதிகம் தெரியும், உங்களுடையது இலக்கை நெருங்கும்போது வருகிறது. இது சிறுமூளையின் கையெழுத்து. இதற்கென்று நம்பிச் சொல்லும்படியான மாத்திரை இல்லை, பயிற்சிதான் மருந்து.

முதல் உலகப்போரில் பின்மண்டையில் குண்டடிபட்ட சிப்பாய்களைப் பரிசோதித்து, அயர்லாந்தில் பிறந்த கார்டன் ஹோம்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர் 1917இல் ஒரு கட்டுரை எழுதினார். சிறுமூளை பாதிப்பின் அறிகுறிகளுக்கு இன்றைக்கும் அவருடைய பணிதான் அடிப்படை. அவருடைய நோயாளி ஒருவர், இடது கை தன்னால் அசைகிறது, வலது கைக்கு மட்டும் ஒவ்வொரு அசைவையும் யோசித்து யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது என்றாராம். உங்கள் பயிற்சியும் அந்த யோசனையிலிருந்துதான் தொடங்க வேண்டும்: மெதுவாக, கண்ணால் பார்த்துக்கொண்டே, ஒரே அசைவைத் திரும்பத் திரும்ப.

முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டு சாப்பிடுங்கள், நடுக்கம் பாதியாகக் குறையும். லேசான டம்ளரை விடக் கனமான டம்ளர் நல்லது, அதுவும் அரை டம்ளர் மட்டும் ஊற்றி. மணிக்கட்டில் கட்டும் சின்ன எடைப்பட்டி சிலருக்கு உதவுகிறது, சிலரைச் சோர்வாக்கிவிடுகிறது, அதைப் பிசியோதெரபிஸ்ட் முன்னால் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். வீட்டில் பல்லாங்குழி இருந்தால் எடுங்கள். ஒவ்வொரு குழியிலும் ஒரு சோழி போடுவதை விடச் சிறந்த கைப்பயிற்சியை நான் பார்த்ததில்லை, பேரப்பிள்ளை எதிரே உட்கார்ந்தால் அரை மணி நேரம் போவதே தெரியாது. நடைக்குத் தரை டைல்ஸ் கோடு போதும், சுவரோரமாக, பக்கத்தில் ஒரு ஆளோடு.

கேள்வி: அம்மா நடக்கிறார், சாப்பிடுகிறார். ஆனால் சாம்பார் வைக்கப் போனால் எதற்குப் பிறகு எது என்று குழம்பி நிற்கிறார். முன்பு போல் சிரிப்பதும் இல்லை. மனநலப் பிரச்சினையா?

ஸ்ட்ரோக்கின் பாதிப்பாகவே இருக்கலாம். சிறுமூளைக்கு அசைவு மட்டும்தான் வேலை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தோம். 1998இல் பாஸ்டனில் ஜெரமி ஷ்மாமன் என்பவரும் சக ஆய்வாளரும், சிறுமூளை பாதித்த 20 பேரைக் கவனித்து, திட்டமிடுவது, வார்த்தை எடுப்பது, இட அறிவு, உணர்ச்சி எல்லாமே தடுமாறலாம் என்று எழுதினார்கள். செய்முறையை ஒரு தாளில் வரிசையாக எழுதி அடுப்பு மேடைக்கு மேல் ஒட்டுங்கள், முதலில் ரசம் போல எளிதானதாக. மனச்சோர்வும் சேர்ந்து இருக்கலாம், அதற்கு நல்ல மருந்து இருக்கிறது, டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். "நடிக்கிறாய்" என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள்.

கேள்வி: தம்பிக்கு 34 வயது, பி.பி., சுகர் எதுவும் இல்லை. சலூனில் கழுத்துச் சொடக்கு எடுத்து இரண்டு நாளில் கழுத்துவலி, பிறகு ஸ்ட்ரோக். தொடர்பு இருக்குமா?

இருக்கலாம். சிறுமூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கியக் குழாய்கள் கழுத்தெலும்புத் துளைகள் வழியாக ஏறுகின்றன. வெடுக்கென்று திருகினால் குழாயின் உட்சுவர் கிழியலாம், அங்கே ரத்தம் உறைந்து மேலே போய் அடைக்கலாம். இளம்வயது ஸ்ட்ரோக்குகளுக்கு இந்தக் கிழிசல் ஒரு முக்கியக் காரணம். கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேன் எடுத்தார்களா என்று கேளுங்கள். இனிமேல் அவர் கழுத்தை யாரும் திருகக் கூடாது. உங்கள் கழுத்தையும்தான்.

கேள்வி: தலைசுற்றல் மாத்திரையை நாலு மாதமாக நிறுத்தாமல் போடுகிறேன். பைக் ஓட்டலாமா?

மாத்திரையை எதற்காக இன்னும் தொடர்கிறோம் என்று டாக்டரிடம் கேளுங்கள். முதல் சில நாள் வாந்திக்கு அவை தேவை. அதற்கு மேல் சில மாத்திரைகள், மூளை தானாகச் சரிசெய்துகொள்வதையே தாமதப்படுத்தும். சின்னாரிசைன் போன்றவை நீண்ட நாளில், அதுவும் வயதானவர்களுக்கு, கை நடுக்கத்தையும் உடல் விறைப்பையும் கொண்டுவரலாம். ஆனால் ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை, பி.பி. மாத்திரை, கொழுப்பு மாத்திரை, இவற்றை நீங்களாக ஒரு நாள் கூட நிறுத்தாதீர்கள்.

பைக் இப்போது வேண்டாம். ஒற்றைக் காலில் ஊன்றி வண்டியைத் தாங்க முடிகிறதா, திரும்பிப் பார்த்தால் தலை சுற்றாமல் இருக்கிறதா, இரண்டையும் டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லட்டும். அதுவரை பின்சீட்டும் வேண்டாம், வளைவில் உடம்பு சாய்வதைச் சமாளிக்க அங்கேயும் சிறுமூளைதான் தேவைப்படும்.