மராடர்ஸ் கதைக்கு என் காஸ்டிங்: மொதல்ல பீட்டர் யாருன்னு முடிவு பண்ணுங்க

கேள்வி: உங்களுக்குப் பிடிச்ச ஃபேண்டஸி சீரிஸுக்கு நீங்களே நடிகர்களத் தேர்ந்தெடுத்தா யார் யாரப் போடுவீங்க? ஃபேன்ஃபிக்ஷன் (பிடிச்ச கதையோட ஆளுங்கள வச்சு ரசிகர்களே எழுதுற கதை) எழுதுறவங்க இப்படி ஒரு நடிகர் முகத்த மனசுல வச்சுக்கிட்டு எழுதுறது நல்லதா?

இதுல ரெண்டு கேள்வி இருக்கு. ரெண்டாவதுக்கு சுருக்கமா சொல்லிட்டு மொத கேள்விக்கு வரேன், சண்டை போட அதுலதான் நெறைய இடம் இருக்கு. முகம் உதவும். ஆனா ஒரு நடிகரக் கதைக்குள்ள கூப்பிட்டா அவரு வெறுங்கையோட வரமாட்டாரு, தன்னோட பேச்சு, நடை, பழைய படம் எல்லாத்தையும் தூக்கிட்டுதான் வருவாரு. வடிவேலுவ நெனச்சுக்கிட்டு ஒரு நாலு வரி வசனம் எழுதிப் பாருங்க, நீங்க சோகமா எழுத உக்காந்திருந்தாலும் அது வடிவேலு வசனமாத்தான் வந்து நிக்கும்.

என் சீரிஸ் ஹாரி பாட்டர். அதுலயும் ஹாரி, ரான், ஹெர்மயனிய மறுபடி காஸ்ட் பண்றதுல எனக்கு ஆசையே இல்ல, எச்பிஓ புது சீரிஸுக்கு 2025லயே பசங்கள அறிவிச்சுட்டாங்க, அந்தத் தலைவலி அவங்களோட. எனக்கு வேண்டியது ஹாரியோட அப்பா அம்மா செட்டு. அப்பா ஜேம்ஸ், அவரோட ஃபிரண்ட்ஸ் சிரியஸ், லூபின், பீட்டர், கூட அம்மா லில்லி, எதிர்ப்பக்கம் பின்னாடி ஹாரிக்கே வாத்தியாரா வர்ற ஸ்நேப். 1971ல ஹாக்வர்ட்ஸ் மந்திரப் பள்ளிக்கூடத்துல சேந்து 1978ல வெளிய வந்த பேட்ச், அந்த நாலு பசங்களுக்குத்தான் மராடர்ஸ்னு பேரு. (புக் படிக்காதவங்க இங்கயே நிறுத்திடுங்க, இனிமே முழுக்க ஸ்பாய்லர்.) ஏழு புக்கையும் சேத்துப் பாத்தாலும் இவங்களப் பத்தி இருக்குறது கொஞ்சம்தான். மூணாவது புக்ல அந்தப் பாழடைஞ்ச வீட்டுக்குள்ள நடக்குற வாக்குவாதம், அஞ்சாவதுல ஸ்நேப்போட நினைவுக்குள்ள ஹாரி எட்டிப் பாக்குற ஒரே ஒரு மத்தியானம், ஏழாவதுல லில்லி எழுதின ஒரு லெட்டர், அப்புறம் ஸ்நேப் சாகும்போது குடுத்துட்டுப் போற நினைவுகள். நடுவுல ஏழு வருஷப் பள்ளிக்கூடமும் ஒரு முழுப் போரும் காலியாக் கெடக்கு. அந்தக் காலி எடத்துலதான் ஆயிரக்கணக்கான பேரு கதை எழுதிட்டு இருக்காங்க, 2019ல ஹ்யூகோ விருது வாங்குன ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்ங்கற ஃபேன்ஃபிக்ஷன் தளத்துல போய்த் தேடினீங்கன்னா ஒரு ஆயுசுக்குப் படிக்கலாம்.

சரி, காஸ்டிங். மொதல்ல வயசு. ஜேம்ஸும் லில்லியும் செத்தது 1981 அக்டோபர் 31, ரெண்டு பேரும் பிறந்தது 1960. அப்ப சாகும்போது 21. இருபத்தொண்ணு! கையில ஒரு வயசு கொழந்த வேற. படம் மட்டும் பாத்தவங்களுக்கு இது தெரியவே தெரியாது, ஏன்னா படத்துல கண்ணாடிக்குள்ள ஹாரியப் பாத்து சிரிக்கிற அப்பா அம்மா நல்லா வளந்த பெரியவங்க, அப்பாவா வந்த ஏட்ரியன் ராலின்ஸுக்கு அப்பவே நாப்பது தாண்டியாச்சு. ஸ்நேப்பும் அதே கணக்குதான், மொத புக்ல அவருக்கு 31 வயசு, படத்துல ஆலன் ரிக்மேனுக்கு 54. ரிக்மேன் வந்ததுக்கப்புறம் கூடப் படிச்சவங்களா யாரப் போட முடியும், சிரியஸா கேரி ஓல்ட்மேன், லூபினா டேவிட் தியூலிஸ்னு செட்டே ஒரு தலைமுறை மேல போயிருச்சுங்கறது என் கணிப்பு. நடிப்புல குறையே சொல்ல முடியாது. ஆனா அந்தக் கதையோட வலியே இவங்கல்லாம் சின்னப் பசங்கங்கறதுதான், அது படத்துல காணாமப் போச்சு.

இந்த வயசு விவகாரம் ஹாரி பாட்டருக்கு மட்டும் இல்ல. பெர்சி ஜாக்சன் புக்ல பெர்சிக்கு 12, 2010 படத்துல வளந்த டீனேஜ் பையனப் போட்டாங்க, ரசிகர்கள் அத மன்னிக்கவே இல்ல, 2023 சீரிஸ்ல நெஜமாவே சின்னப் பையன் வந்தப்புறம்தான் சமாதானம் ஆனாங்க. லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்ல இது தலைகீழ், அரகார்னா ஸ்டுவர்ட் டவுன்செண்டப் போட்டு 1999ல ஷூட்டிங் ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே, ஆளு ரொம்பச் சின்னவரு சரிவராதுன்னு மாத்திட்டு விகோ மோர்டென்சனக் கூட்டிட்டு வந்தாங்க. புக்ல அரகார்னுக்கு 87 வயசுங்கறது தனிக் கூத்து.

ரசிகர்கள் மட்டும் என்ன ஒழுங்கா. இன்டர்நெட்ல ரொம்ப வருஷமா நிலைச்சு நிக்கிற மராடர்ஸ் காஸ்ட் ஒண்ணு இருக்கு, ஜேம்ஸுக்கு ஆரோன் டெய்லர் ஜான்சன், சிரியஸுக்கு பென் பார்ன்ஸ், லூபினுக்கு ஆண்ட்ரூ கார்ஃபீல்ட். இதுல பென் பார்ன்ஸ் பிறந்ததே 1981, அதாவது ஜேம்ஸ் செத்த வருஷம். இப்ப அவருக்கு நாப்பத தாண்டிருச்சு, ஆனா ரசிகர்கள் பண்ற போட்டோ, வீடியோ எடிட் எல்லாத்துலயும் அவரோட பழைய போட்டோதான் ஓடும், அந்த முகத்துக்கு மட்டும் வயசே ஆகாது. ஃபேன்காஸ்டிங்ல இருக்குற பெரிய சுகமே அதுதான். கால்ஷீட் கிடையாது, சம்பளம் கிடையாது, எந்த நடிகரோட எந்த வயச வேணாலும் எடுத்துக்கலாம், செத்துப்போனவரக்கூட கூப்பிடலாம்.

அந்தச் சுகத்த நான் முழுசா எடுத்துக்கிட்டேன். கதை அங்கயேதான் நடக்கும், அதே கோட்டை, அதே காடு, ஆளுங்க மட்டும் நம்ம ஆளுங்க, அந்தக் காலத்து ஆளுங்க.

ஜேம்ஸ்: கார்த்திக். மௌன ராகம் (1986) கார்த்திக். லூட்டி, திமிரு, "மிஸ்டர் சந்திரமௌலி"ன்னு பொண்ணோட அப்பாவையே பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கலாய்க்கிற தைரியம், ஜேம்ஸ் பாட்டருக்கு இதுக்கு மேல ஆடிஷன் தேவையா? போதாக்குறைக்கு கார்த்திக் பிறந்ததும் 1960தான். லில்லி அதே படத்து ரேவதி, அப்ப அவங்களுக்கு 20. கோவம் கண்ணுலயே தெரியும். செவப்பு முடி, பச்சைக் கண்ணுன்னு யாரும் சண்டைக்கு வராதீங்க, அம்மா கண்ணும் புள்ள கண்ணும் ஒண்ணா இருக்கணுங்கறதுதான் கதைக்கு முக்கியம், அதையே ஒரிஜினல் படத்துல கோட்ட விட்டாங்க, கடைசிப் படத்துல சின்ன வயசு லில்லியா வர்ற பொண்ணுக்குப் பழுப்புக் கண்ணு. ஹாக்வர்ட்ஸ்ல காவலுக்கு இருக்குற அந்த மலை மாதிரி ஆளு ஹாக்ரிட்டுக்கு ராஜ்கிரண், இதுல வாதத்துக்கே எடமில்ல. சிரியஸுக்கு தளபதி (1991) அரவிந்த்சாமி, அப்ப அவருக்குச் சரியா 21, பெரிய எடத்துப் பையன்னு ஒரு பார்வையிலயே தெரியுற முகம், ஆனா சிரியஸ் அந்த வீட்ட வெறுத்து ஓடி வந்தவன், அந்தப் பகுதிய அவரால செஞ்சிருக்க முடியுமான்னு எனக்கே ஒரு பாதி சந்தேகம் உண்டு.

லூபின்: முரளி. இதயம் படத்து முரளி. சொல்ல வேண்டியத உள்ளயே வச்சுப் புழுங்குற முகம் அவருக்கு அப்படி அமைஞ்சிருக்கும். மாசத்துக்கு ஒரு ராத்திரி ஓநாயா மாறுற விஷயத்த ஸ்கூல் முழுக்க மறைச்சு வச்சுட்டுத் திரியுற பையனுக்கு வேற யாரப் போடுறது. லூபின்னாலே எல்லாரும் வரையற அந்த முகத் தழும்பு படத்து மேக்கப்போட வந்தது, முரளிக்கு அதெல்லாம் வேண்டாம்.

இப்ப பீட்டர். எனக்கு இந்த மொத்த காஸ்டிங்கும் இந்த ஒரு ஆளச் சுத்தித்தான். ஜேம்ஸையும் லில்லியையும் எதிரிகிட்ட காட்டிக் குடுக்கப் போறவன் அவன்தான். ரசிகர்கள் பண்ற எடிட் நெறையத்துல பீட்டரே இருக்க மாட்டான், மூணு பேரு தோள்ல கை போட்டு நிப்பாங்க, நாலாமவன வெட்டித் தூக்கிருவாங்க. ஃபேன்ஃபிக்லயும் இதே கதிதான், மொத அத்தியாயத்துலயே அவன் மூக்க உறிஞ்சிட்டு, திருட்டு முழி முழிச்சுட்டு, ஓரமா உக்காந்திருப்பான். படத்துலயும் திமதி ஸ்பால் பல்லும் நகமுமா எலி மாதிரியே வந்தாரு, ஆனா அது நியாயம், பன்னெண்டு வருஷம் எலியாவே வாழ்ந்தவன். 1975ல ஒரு பதினஞ்சு வயசுப் பையன் அப்படி இருந்திருக்க முடியாது. அப்படி இருந்திருந்தா ஜேம்ஸ் அவனக் கூட வச்சிருப்பானா? உயிர நம்பிக் குடுத்திருப்பானா?

புக்கையே பாருங்க. ஓநாயா மாறுற ஃபிரண்டுக்காக மத்த மூணு பேரும் மிருகமா மாறக் கத்துக்குறாங்க, பீட்டரும் கத்துக்குறான். லூபின் மாறுற அந்தப் பாழடைஞ்ச வீட்டுக்குப் போற சுரங்க வழிய, கிட்ட வர்றவங்கள கிளையால அடிக்கிற ஒரு மரம் காவல் காக்குது, அதுக்குக் கீழ பூந்து போய் முடிச்சத் தொட்டு மரத்த அசையாம நிறுத்துறது அவன் வேலை, ஏன்னா அவன்தான் சின்ன மிருகம், அதுக்கப்புறம்தான் மத்தவங்க உள்ள நுழைவாங்க. அப்புறம் மந்திரத்தால மறைச்சு வச்ச ஜேம்ஸ் வீடு எங்க இருக்குங்கற ரகசியத்தக் காக்க ஒரு ஆள் வேணும்னு வரும்போது, என்னைய விட்டுட்டு பீட்டரப் போடு, அவனா இருப்பான்னு யாரும் நெனைக்க மாட்டாங்கன்னு சொல்றதே சிரியஸ்தான். சிரியஸுக்கு அப்ப சந்தேகம் யாரு மேல? லூபின் மேல! எதையும் மனசு விட்டுச் சொல்லாதவன் மேல சந்தேகம் வருது, எல்லாத்துக்கும் சிரிச்சுக் கைதட்டுறவன் மேல வரல. அதனாலதான் லூபினுக்கு முரளி, பீட்டருக்கு பாண்டியராஜன். ஆண் பாவம் (1985) பாண்டியராஜன், அந்த உருண்டக் கண்ண விரிச்சு ஒரு முழி முழிச்சாருன்னா எந்த வாத்தியாரும் தண்டனைய மறந்துருவாரு. பாக்குறவங்களுக்கு அவரு மேல பாசம் வரணும், முடிவு தெரிஞ்சவங்களுக்குக்கூட "ச்சே, இவன் பண்ணிருக்க மாட்டான்"னு ஒரு நிமிஷம் தோணணும், அப்பதான் துரோகம் வலிக்கும்.

லில்லி லெட்டர்ல ஒரு வரி வரும். போன வாரக்கடைசில பீட்டர் வந்திருந்தான், கொஞ்சம் சோர்வா இருந்தான், அவங்க பக்கத்து ஆளுங்களான மெக்கின்னன் குடும்பத்த எதிரிங்க கொன்னதக் கேள்விப்பட்டதாலயா இருக்கும்னு அவளே ஒரு காரணமும் சொல்லிக்குவா. அவன் அதுக்குள்ள எதிரிக்குத் தகவல் சொல்ல ஆரம்பிச்சு மாசக்கணக்காச்சு. கொழந்த பொம்மைத் துடைப்பத்துல வீடெல்லாம் பறந்துட்டு இருக்கு, இவன் சோபால உக்காந்திருக்கான். நான் எழுதின கதைல இந்த ஒரு சீன்தான் எனக்கே திருப்தி, ஏன்னா அதுல பீட்டர் ஒண்ணுமே பண்ணல, சாயந்தரம் கெளம்பறவரைக்கும் புள்ளையோட வெளையாடிட்டுப் போறான், அவ்ளோதான்.

ஸ்நேப்ப வேணும்னே கடைசிக்கு வச்சேன். ரகுவரன். ஒல்லியான அந்த நீள உருவம், அந்தக் குரல், அவரோட மொத ஹீரோ படம் ஏழாவது மனிதன் வந்ததே 1982ல, வயசும் ஏறக்குறையப் பொருந்துது. ஆனா ரெண்டாவது கேள்விக்கான எச்சரிக்கையும் இவரேதான். ரகுவரன நெனச்சு ஸ்நேப் வசனம் எழுத ஆரம்பிச்சா நாலாவது வரில புரியாத புதிர் படத்துல அவரு சொல்ற "ஐ நோ" வந்து ஒட்டிக்கும், அப்புறம் அது போகாது. ரிக்மேன் விஷயத்துல உலகம் முழுக்க இதுதான் நடந்துச்சு. அவரு ஒவ்வொரு சொல்லையும் இழுத்து நிறுத்தி நிதானமாப் பேசுனாரு, இப்ப ஃபேன்ஃபிக்ல வர்ற ஸ்நேப் எல்லாரும் அதே மாதிரி பனிக்கட்டியாப் பேசறாங்க. புக்ல இருக்குற ஸ்நேப்போ கத்துவாரு, எச்சில் தெறிக்கப் பேசுவாரு, மூணாவது புக் கடைசில சிரியஸ் தப்பிச்சதும் ஆஸ்பத்திரி வார்டுல நின்னு போடுற கூச்சலப் படிங்க, கோழைன்னு சொல்லாதன்னு ஆறாவது புக்ல அலறுறதப் படிங்க. ஒரு நல்ல நடிகர் ஒரு பாத்திரத்தோட பாதிய எடுத்துட்டுப் போயிட்டாரு, எழுதுறவங்க மிச்சப் பாதிய மறந்தே போயிட்டாங்க.

அதனால நான் வசனத்த முகம் இல்லாமதான் எழுதுவேன், மொத டிராஃப்ட்ல யாரையும் உள்ள விடமாட்டேன். சீன்ல யாரு எங்க நிக்கிறா, யாரு கை எங்க இருக்கு, யாரு யாரப் பாக்கல, இதெல்லாம் யோசிக்கும்போதுதான் நடிகர்களக் கூப்பிடுவேன், அதுக்கு அவங்க ரொம்ப ஒத்தாசையா இருப்பாங்க, கார்த்திக்க ஒரு ரூமுக்குள்ள விட்டா நேரா நாற்காலில உக்காரமாட்டாரு, எங்கயாவது சாஞ்சுதான் நிப்பாருன்னு நமக்குத் தெரியும்ல, அது மாதிரி. பேச்சு மட்டும் புக்லேர்ந்து வரணும். இது எனக்கு ஒத்துவர்ற வழி, எங்க எழுத்துக் குரூப்ல ஒரு தம்பி மொதல்ல போட்டோ கொலாஜ் போட்டுட்டுதான் எழுதவே உக்காருவான், அவன் கதையும் நல்லாத்தான் இருக்கும்.

ஒரு ஆளுக்கு மட்டும் இன்னும் எனக்கு முகம் கிடைக்கல. ரெகுலஸ் பிளாக், சிரியஸோட தம்பி, 18 வயசுல வீட்டு எல்ஃபக் (வீட்டு வேலை செய்யுற குட்டி மந்திரப் பிறவி) காப்பாத்திட்டு ஒரு ஏரிக்குள்ள மூழ்கிச் செத்தவன். அண்ணன விட ஒல்லி, அண்ணன் அளவுக்கு அழகு இல்லன்னு புக்ல தெளிவா எழுதிருக்கு, ஆனா ரசிகர்கள் அவனுக்குப் போட்டு வச்சிருக்குறது யாரத் தெரியுமா, டிமோத்தி சாலமே. அழகு கம்மியாம்! அரவிந்த்சாமிக்குத் தம்பின்னு நம்பணும், ஆனா பக்கத்துல நின்னா யாரும் ரெண்டாவது தடவை திரும்பிப் பாக்கக் கூடாது, எண்பது தொண்ணூறுல அப்படி யாராவது உங்களுக்கு ஞாபகம் வந்தா கமெண்ட்ல போடுங்க.