ஜனவரியில் தொடங்காத வருடத்துக்கு ஜனவரி டைரி எதற்கு?

கேள்வி: இளம்பிள்ளையில் இருந்து வாட்ஸ்அப்பில் சேலை விற்கிறேன். பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளியில் படிக்கிறார்கள். மூன்று வருடமாக ஜனவரியில் டைரி வாங்குகிறேன். பொங்கல் தாண்டுவதற்குள் எழுதுவது நின்றுவிடுகிறது. இப்போது ஒருவர் 1,450 ரூபாய்க்கு ஒரு பிளானர் வாங்கச் சொல்கிறார், கூடவே ஆன்லைன் வகுப்பும் உண்டாம். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள் சகோதரி. சேலத்தில் 26 வருடமாக பைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். இந்த மாதிரி பிளானர் பிரிந்துபோய் என்னிடம் ஒட்ட வருவது வழக்கம். உள்ளே பார்த்தால் நன்றி சொல்ல மூன்று வரி, தண்ணீர் குடித்ததற்கு எட்டு வட்டம், மனநிலைக்கு ஒரு பொம்மை முகம். கூரியர்காரர் வாசலில் நிற்கும்போது இதையெல்லாம் யார் நிரப்புவது? விற்பவருக்கு வகுப்பிலும் கமிஷன், புத்தகத்திலும் கமிஷன்.

நீங்கள் எழுதாமல் விடுவது சோம்பலால் இல்லை. உங்கள் வருடம் ஜனவரியில் தொடங்கவில்லை, அவ்வளவுதான். ஜூனில் பள்ளி திறக்கிறது, ஆடிக்குச் சரக்கு எடுக்கிறீர்கள், தீபாவளி, பொங்கல் என்று ஓட்டம். அந்த ஓட்டத்தின் நடுவில் புது டைரியை நீட்டினால் யாராலும் எழுத முடியாது. தேதி அச்சடிக்காத பிளானர் வாங்கி, ஜூன் முதல் வாரத்தில் தொடங்குங்கள். தேதியை நீங்களே எழுதிக்கொள்ளலாம், வாரத்துக்கு ஒரு நிமிடம் ஆகும்.

அச்சடித்த தேதியால் பெரிய லாபமும் இல்லை. சிவகாசியில் அடுத்த வருடக் காலண்டர் மாதிரி ஆல்பத்தை ஆடிப்பெருக்கு அன்றே வெளியிட்டுவிடுவார்கள். அரசு விடுமுறைப் பட்டியல் வருவது அதற்கப்புறம். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு நம் மாவட்டத்துக்கு விடும் உள்ளூர் விடுமுறையை எந்த டைரியில் பார்த்திருக்கிறீர்கள்? அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலைநாள் வேறு. பண்டிகை நெருங்கிய பிறகுதான் அறிவிப்பு வரும். மாரியம்மன் என்ன நேற்று வந்த சாமியா? வருடா வருடம் வருகிற திருவிழாவை நாலு மாதம் முன்னால் சொன்னால் யாருக்கு என்ன குறைந்துவிடும்?

சரி, அளவுக்கு வருவோம். ஏ5 போதும், 148க்கு 210 மில்லிமீட்டர். கைப்பைக்குள் போகும். விரித்த இரண்டு பக்கத்தில் ஒரு வாரம் அடங்குகிற மாதிரி எடுங்கள். ஒரு நாளுக்கு ஆறு வரி கிடைக்கும். ஆறு வரியில் இருபது ஆர்டர் எப்படி எழுதுவது என்று கேட்பீர்கள். ஆர்டரைப் பிளானரில் எழுதவே கூடாது. அதற்குத் தனி நோட்டு. பிளானரில் பார்சல் போக வேண்டிய நாள், தறிக்காரர் சொன்ன நாள், ஸ்கூல் பீஸ், மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர் என்றால் 11, 20 ஆகிய இரண்டு தேதி. இது மட்டும். சனி, ஞாயிறை ஒரே கட்டத்தில் திணித்திருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். அது ஆபீஸ்காரர்களுக்குப் போட்டது.

கடையில் அட்டையைப் பார்க்காதீர்கள், முதுகின் மேல் ஓரத்தைப் பாருங்கள். தாள்கள் சின்னச் சின்ன மடிப்புக் கட்டாகத் தெரிந்தால், நடுவில் நூலும் ஓடினால் தையல் பைண்டிங். வெட்டின மாதிரி மொழுமொழுவென்று பசை தெரிந்தால் கம் பைண்டிங்; ஏழெட்டு மாதத்தில் தாள் கழன்று கையோடு வரும். அப்புறம் மேஜையில் விரித்து கையை எடுங்கள். மூடிக்கொண்டால் வேண்டாம். ஜெல் பேனாவில் எழுதுபவர் என்றால் தாளின் கனம் 80 ஜிஎஸ்எம்முக்குக் குறையக் கூடாது. விற்பவர் வாயால் சொல்லும் ஜிஎஸ்எம்மை நம்பாமல் கடைசிப் பக்கத்தில் உங்கள் பேனாவாலேயே கிறுக்கிப் பாருங்கள். பழைய வருடத்து மிச்சத்துக்குப் புது அட்டை போட்டு விற்பவர்களும் உண்டு. பிப்ரவரியில் பாதி விலை என்றால் உள்ளே நாலு தாள் புரட்டுங்கள்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. காப்பித் தோட்டத்தில் பழம் பறிப்பு வருடக் கடைசியில் ஆரம்பித்து பிப்ரவரி வரை இழுக்கும். டிசம்பர் 31ல் முடிகிற டைரி பறிப்பின் நடுவில் காலி. வாரக் கூலிக் கணக்கு இரண்டு புத்தகத்தில் கிடக்கும். மார்ச், ஏப்ரலில் காப்பிச் செடியைப் பூக்க வைக்கும் பூ மழை பெய்த நாளை எழுதி வைத்தவருக்குத்தான் அடுத்த பறிப்பைக் கணிக்க முடியும். அதனால் அவர்கள் மார்ச்சில் தொடங்க வேண்டும். இன்னொன்று பனிமூட்டம். வழவழ தாளில் ஜெல் மை காயாமல் இழுபடும், ஈரத்தில் ரெக்சின் அட்டையில் பூஞ்சை பிடிக்கும். சொரசொரப்புத் தாள், துணி முதுகு, பென்சில். தோட்டத்துக்காரர் ஒருவர் வருடா வருடம் என்னிடம் இப்படித்தான் கட்டி வாங்குகிறார், பென்சில் செருக ஒரு வளையத்தோடு.

நீங்களும் பக்கத்து பைண்டிங் கடையில் கேட்டுப் பாருங்கள். 52 வாரத்துக்கு 104 பக்கம், மாதத்துக்கு ஒன்றாக 12 பக்கம். 16 பக்கம் ஒரு பாரம், அதாவது ஒரு மடிப்புக் கட்டு என்றால் எட்டு பாரம், 128. மிச்சம் 12 பக்கத்தில் போன் நம்பர், பாக்கிக் கணக்கு எழுதலாம்.

அந்த மூன்று பழைய டைரியையும் எடைக்குப் போடாதீர்கள். எழுதிய தாள்களை ரப்பர் பேண்டு போட்டு ஒதுக்கிவிட்டு, பிப்ரவரியில் இருந்து ஆர்டர் நோட்டாக எழுதுங்கள். மேலே என்ன தேதி அச்சாகியிருந்தால் சேலைக்கு என்ன?