சாமியாடுவது மனநோயா?

திருவாரூர்ப் பக்கம் ஆடித் திருவிழாவில் சித்தி சாமியாடுகிறார், இது மனநோயா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் வைத்துச் சொன்னால், இல்லை. உடுக்கைச் சத்தத்தில் அருள் வருகிறது, விபூதி பூசியதும் இறங்குகிறது, மறுநாள் வழக்கம்போல் களை பறிக்கப் போய்விடுகிறார். ஊர் ஏற்றுக்கொண்ட சமய வழக்கத்தை மனநல மருத்துவமும் நோயாகச் சேர்ப்பதில்லை.

அபூர்வமாக இருப்பதாலேயே ஒன்று கோளாறு ஆகாது. அவர் அவதிப்படுகிறாரா, வேலையும் தூக்கமும் உறவும் கெடுகின்றனவா, எத்தனை நாளாக? இதைத்தான் மருத்துவர் பார்ப்பார். மனச்சோர்வுக்குக் குறைந்தது 2 வாரம் என்று கணக்கு. மேட்டூர் திறக்காத வருஷம் விவசாயி கவலைப்படுவது இயல்பு. தண்ணீர் வந்த பிறகும் வயல் பக்கம் போகாமல், சாப்பிடாமல் வாரக்கணக்கில் திண்ணையிலேயே கிடந்தால் அப்புறம் அது வேறு கதை.

இயல்புக்கும் நோய்க்கும் நடுவிலுள்ள இந்தக் கோடும் நகர்கிற கோடுதான். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்ததே 1973-ல். ஊர் ஒழுக்கத்துக்கு ஒத்துவராததை வைத்து ஒருவரை மனநோயாளி என்று முடிவுகட்டக் கூடாது என்கிறது நம் 2017 மனநலச் சட்டம். (நம் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள்!)

சரி, திருவிழா இல்லாத நாளிலும் சித்திக்குக் குரல் கேட்டு, பயந்து, தூக்கம் போனால் 14416-ஐக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது, இலவசம்தான்.