நம்பாத பக்கத்துக்கும் பேசத்தான் வேண்டுமா?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்புத் தேர்வை முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். மே மாதம் நடக்கும் 10 நாள் விவாதப் பயிற்சி முகாமுக்கு அனுப்பச் சொல்கிறார் அவளுடைய ஆசிரியை. அங்கே ஒரே தலைப்பில் இன்று ஒட்டியும் நாளை வெட்டியும் பேச வேண்டுமாம். மனதில் இல்லாததைப் பேசப் பழக்குவது சரியா, அம்மா?
– ஒரு தாய், மதுரை

அனுப்புங்கள், சகோதரி. இதே கேள்வியை என்னிடம் அழுதுகொண்டே கேட்ட மாணவி ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன்.

விருதுநகர் மாவட்டத்தில் நான் ஆசிரியையாக இருந்தபோது கோடைதோறும் விவாத வகுப்பு நடத்துவேன். 2019 மே மாதம், 'பட்டாசுக்கு முழுத் தடை வேண்டும்' என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கியதில் அவளுக்குத் 'தடை வேண்டும்' என்ற தரப்பு விழுந்தது. பெற்றோர் இருவரும் பட்டாசு ஆலைத் தொழிலாளர்கள். "எங்கள் வீட்டுச் சோற்றுக்கு எதிராக நானே பேசுவதா, டீச்சர்?" என்றாள். நான் வற்புறுத்தவில்லை. செய்தித்தாள் நறுக்குகளை மட்டும் கையில் கொடுத்தேன்.

மாலைவரை படித்தாள். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் உடலுக்குக் கேடான பேரியம் உப்புகளைச் சேர்ப்பதைத் தடை செய்திருந்தது. தீபாவளியன்று வெடிக்க இரண்டு மணி நேரம்தான் அனுமதித்திருந்தது. அந்த வழக்கு மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் அவர்களுடைய தந்தையர் 2015இல் தொடுத்தது. அந்த இடத்துக்கு வந்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். மறுநாள் தடை வேண்டும் என்று பேசினாள்.

அதற்கடுத்த நாள் அவளுக்குச் சொந்தப் பக்கம் கிடைத்தது. முன்பு அவளிடம் இருந்தது 'தடை வந்தால் பட்டினி கிடப்போம்' என்ற ஒரே வாதம். இப்போதோ, "குழந்தைகள் மூச்சுத் திணறுவது உண்மைதான். கேடான உப்பை நீக்குங்கள், மாசு குறைந்த பசுமைப் பட்டாசு செய்ய எங்கள் வீட்டாருக்குக் கற்றுக்கொடுங்கள், ஆலையை மூடாதீர்கள்" என்றாள். எதிரணி திணறிப்போனது. இதில் அவள் மனசாட்சிக்கு என்ன குறை வந்தது, சொல்லுங்கள்!

எந்த முகாம் என்பதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். 'அவையோர்க்கு வணக்கம்' தொடங்கி 'நன்றி' வரை மனப்பாடம் செய்ய வைப்பது பேச்சுப் போட்டிக்கான பயிற்சி. தொடக்க ஆண்டுகளில் நானும் அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு குறுக்குக் கேள்வி வந்ததும் என் மாணவன் மேடையில் வாயடைத்து நின்றது இன்றும் உறுத்துகிறது. உலகப் பள்ளிகள் விவாதப் போட்டியில் அணிக்கு மூவர் பேசுவார்கள், ஆளுக்கு 8 நிமிடம். முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் போக, நடுவில் எதிரணியினர் எழுந்து கேள்வி கேட்க முயலலாம். அந்த இடத்தில் மனப்பாடம் கைகொடுக்காது. எதிரணி சொல்வதைத் தாளின் இடப்பக்கம் குறித்து, மறுப்பை வலப்பக்கம் எழுதப் பழக்குகிறார்களா என்று கேளுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளில் எத்தனை முறை பேச வாய்ப்புக் கிடைக்கும் என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் தெளிவான பதில் வராவிட்டால் வேறு முகாம் பாருங்கள்.

கேள்வி: விவாத முகாமுக்குப் போய்வந்த பேரன் இப்போது வீட்டில் எல்லாரிடமும் எதிர்வாதம் செய்கிறான். என்ன செய்வது?
– ஒரு தாத்தா, தஞ்சாவூர்

மணிமேகலையில், புகார் நகரத்து இந்திர விழாவுக்கு முரசறைபவன் சமயவாதிகளைப் பட்டிமண்டபம் ஏற அழைக்கிறான். அடுத்தபடியாக, 'பற்றா மாக்கள் தம்முடன் ஆயினும் செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்' என்கிறான். பகைவரே ஆனாலும் சினமும் பூசலும் வேண்டாம், விலகிப் போங்கள் என்பது பொருள். என் வகுப்பில் முதல் நாள் கரும்பலகையில் இதைத்தான் எழுதுவேன்.

ஐயா, அவனை அடக்காதீர்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 10 நிமிடம் ஒதுக்கி, ஒரு விதி வையுங்கள்: நீங்கள் சொன்னதை, 'ஆமாம், அதைத்தான் சொன்னேன்' என்று நீங்களே ஒப்புக்கொள்ளும்படி அவன் முதலில் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு மறுக்கட்டும். அவன் பேச்சுக்கு நீங்களும் அப்படியே செய்யுங்கள்.