பழைய சோப்ரானோ சாக்ஸபோன் வாங்கும் முன் எப்படி ஊதிப் பார்ப்பது? அது என்ன கருவி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி கேட்டவர் ஆல்டோ (சோப்ரானோவைவிடப் பெரிய, வளைந்த சாக்ஸபோன்) வாசிப்பவர். தெரிந்தவர் வீட்டில் நேர்க்குழலாக ஒரு பழைய சாக்ஸபோன் விலைக்கு இருக்கிறதாம். பெல்லில், அதாவது குழலின் விரிந்த வாயில், செதுக்கியிருக்கும் பெயரை எங்கே தேடியும் கிடைக்கவில்லை, வாங்கலாமா என்கிறார். நானும் ஆல்டோக்காரன்தான். பன்னிரண்டு வருடமாகக் கல்யாணம், கோயில், சர்ச் என்று வாசித்துக்கொண்டிருக்கிறேன். மூன்று வருடம் முன்னால் இதே ஆசையில் நானும் அலைந்தேன்.

பெயரை விடுங்கள். முதலில் ஒரே ஒரு விரலை வைத்து ஊதுங்கள்.

இடது கை ஆள்காட்டி விரல் மட்டும், ஆக்டேவ் சாவி (ஸ்தாயியை ஏற்றும் இடது கட்டைவிரல் சாவி) வேண்டாம். நோட்டில் நாம் பி என்று எழுதுகிற சுரம் அது. சோப்ரானோ பி ஃப்ளாட் கருவி என்பதால் எழுதியதற்கு ஒரு கட்டை கீழே கேட்கும், அதாவது ஏ, நம் கணக்கில் 6 கட்டை. போனில் ட்யூனர் செயலியை ஹெர்ட்ஸ் காட்டும்படி வைத்துக்கொண்டால் 440-ஐ ஒட்டி நிற்க வேண்டும். ஐந்து, ஆறு முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை, மவுத்பீஸைத் தள்ளி இழுத்துச் சரிசெய்துவிடலாம். 494 பக்கம் போனால் அது சி சோப்ரானோ. பியானோ நோட்டை அப்படியே பார்த்து வீட்டில் வாசிக்கட்டும் என்று 1920களில் அமெரிக்காவில் செய்து விற்றார்கள். கெட்ட கருவி இல்லை, ஆனால் பி ஃப்ளாட்டுக்கு எழுதிய நோட்டை அதில் வாசித்தால் எல்லாம் ஒரு கட்டை ஏறிக் கேட்கும்.

457 பக்கம் நின்றால்தான் தலைவலி. எனக்கு அதுதான் நடந்தது.

பெரம்பூரில் ஒரு வீடு. அப்பா அந்தக் காலத்தில் ரயில்வே இன்ஸ்டிட்யூட் டான்ஸ்களில் வாசித்தவராம், மகனுக்கே எழுபது வயது இருக்கும். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தார். உள்ளே வெல்வெட் பூச்சி அரித்திருந்தது, வெள்ளி முலாம் கறுத்திருந்தது. ஆனால் பெல் ஓரத்துப் பூவேலைப்பாடு நேற்றுச் செதுக்கியது போல இருந்தது. பார்த்ததுமே மனசு போய்விட்டது. "1914 மாடல் தம்பி, இதுலயே போட்டிருக்கு பாருங்க" என்று திருப்பிக் காட்டினார். டிசம்பர் 8, 1914 என்ற தேதியும் 1119954 என்ற எண்ணும் பொறித்திருந்தன.

அது செய்த தேதி இல்லை. அமெரிக்காவில் எல்க்ஹார்ட் ஊரில் இருந்த கான் கம்பெனி வாங்கிய காப்புரிமையின் தேதி. துளைகளின் விளிம்பைத் தனியாகப் பற்றவைக்காமல் குழலின் தகட்டிலிருந்தே இழுத்து எடுக்கும் முறைக்கானது. பிறகு பல வருடம் எல்லாவற்றிலும் அதே வரியைக் குத்தினார்கள். கான் கம்பெனி வேறு கடைகளுக்காகவும் செய்து, பெல்லில் அந்தந்தக் கடையின் பெயரைச் செதுக்கிக் கொடுத்தது. உங்கள் கருவியின் பெயர் எங்கும் கிடைக்காததற்கும் இது காரணமாக இருக்கலாம். பெயர் ஏதோ மளிகைக்கடை மாதிரி இருக்கும், உள்ளே நல்ல கருவி இருக்கும். அந்தக் காப்புரிமை எண் உங்களுடையதிலும் இருந்தால் பெயரை மறந்துவிட்டு கான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வரிசை எண் பெரும்பாலும் பின்புறம் வலது கட்டைவிரல் கொக்கிக்குப் பக்கத்தில் இருக்கும். வருடத்தைக் கணிக்க அதுதான் வழி.

சரி, ஊதினேன். சொந்த மவுத்பீஸும் இரண்டு வாரம் பழகிய ரீடும் (மவுத்பீஸில் கட்டும் நாணல் பட்டை) கொண்டுபோயிருந்தேன் (புது ரீடோடு போகாதீர்கள், குறை ரீடிலா கருவியிலா என்று கடைசிவரை தெரியாது). ஒரு விரல். 455. இன்னொரு தரம், 458. என் வாய்தான் இறுகுகிறது என்று நினைத்து தாடையைத் தளர்த்தினேன். 456. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஊதினேன், அங்கேயேதான் நின்றது. 6 கட்டையும் இல்லை, 6½ கட்டையும் இல்லை, நடுவில் எங்கோ.

மவுத்பீஸை வெளியே இழுத்தேன். கிட்டத்தட்ட ஒன்றரை சென்டிமீட்டர். கார்க்கின் நுனியில் பால்பல் மாதிரி ஆடியது, ஆனால் 440 வந்துவிட்டது. அப்பாடா என்று எல்லா விரலையும் மூடிக் கீழ்ச் சுரத்துக்கு இறங்கினால் அது இன்னும் ஏறியே இருந்தது. விரலையெல்லாம் எடுத்துவிட்டு ஊதினால் இந்தப் பக்கம் இறங்கிவிட்டது. குழல் நீளமாக இருக்கும் சுரத்துக்கு மூன்று சென்டிமீட்டர் வேண்டும், குட்டையாக இருக்கும் சுரத்துக்கு ஒன்றே கால் போதும். மவுத்பீஸை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு இரண்டையும் எப்படிக் கொடுப்பது? அந்தக் காலத்தில் பேண்டுகளுக்கு இரண்டு சுருதி இருந்தது. லோ பிட்ச் என்பது இன்றைய 440. ஹை பிட்ச் அமெரிக்காவில் 457, பிரிட்டிஷ் ராணுவ பேண்டுகளில் 452 சொச்சம். துளைகளின் இடமே ஹை பிட்சுக்கு அளந்து போட்டது. எந்த ரிப்பேர்காரர் வந்தாலும் அதை மாற்ற முடியாது.

பிறகுதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிசை எண்ணுக்குக் கீழே பார்த்தேன். சின்னதாக ஒரே ஒரு எழுத்து, எச். லோ பிட்ச் என்றால் எல் என்றோ எல்பி என்றோ குத்தியிருப்பார்கள், ஹை பிட்ச் என்றால் எச் அல்லது எச்பி. முதலிலேயே பார்த்திருந்தால் அரை நாள் மிச்சம். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "அப்ப இது வாசிக்கவே ஆகாதா தம்பி?" என்றார். தனியாக வாசிக்கலாம் சார், கூட யாரும் வாசிக்க முடியாது என்றேன். சிரித்தார்.

இன்னொரு குழப்பம் உண்டு. நேராக, உலோகமாக, மவுத்பீஸோடு இருப்பதெல்லாம் சோப்ரானோ இல்லை. அதே காலத்தில் உலோக கிளாரினெட்டும் ஏராளமாகச் செய்தார்கள், அதை சாக்ஸபோன் என்றே விற்பவர்கள் இருக்கிறார்கள். பொய் சொல்கிறார்கள் என்றில்லை, தெரியாதுதான். குழல் மேலிருந்து கீழ்வரை நாதஸ்வரம் போலச் சீராக விரிந்துகொண்டே போனால் சாக்ஸபோன். நெடுக ஒரே பருமனாக வந்து கடைசியில் மட்டும் விரிந்தால் கிளாரினெட். சந்தேகம் இருந்தால் ஊதித் தீர்த்துக்கொள்ளலாம். ஒரு சுரத்தை ச என்று வைத்து ஊதுங்கள், இடது கட்டைவிரல் சாவியை அமுக்குங்கள். மேல் ச வந்தால் சாக்ஸபோன். மேல் ஸ்தாயி ப வந்தால் கிளாரினெட். சங்கீதம் தெரிந்த காது இரண்டு விநாடியில் சொல்லிவிடும்.

சுருதி தேறிவிட்டது என்றால் அப்புறம் உடம்பைப் பாருங்கள். கண்ணுக்கு நேரே துப்பாக்கி மாதிரி நீட்டிப் பிடித்து வளைவு இருக்கிறதா என்று நோக்குங்கள். கீழே விழுந்த நேர்க்குழல் லேசாக வளைந்திருக்கும், வளைந்தால் நீளக் கம்பிகள் எல்லாம் இறுகும். செதுக்கல் மழுங்கியிருந்தால் யாரோ பாலிஷ் சக்கரத்தில் கொடுத்துத் தேய்த்திருக்கிறார்கள்.

சென்னைக்காரர்களுக்கு ஸ்பிரிங் முக்கியம். நீல நிற ஊசி ஸ்பிரிங்குகள் கடல் காற்றில் சிவப்பாகத் துருப்பிடித்து, வாசிக்கும்போது பட்டென்று ஒடியும். ஒன்றிரண்டு என்றால் மாற்றலாம், எல்லாமே சிவந்திருந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

பேட் (துளையை மூடும் சாவியின் மெத்தை) கசிவுக்கு, மெல்லிய வயரில் கோத்த சின்ன எல்இடி விளக்குச் சரத்தைக் குழலுக்குள் விட்டு அறை விளக்கை அணைத்துவிடுங்கள். சாவியை இறகு பட்டது போல மெதுவாக மூடிப் பார்த்தால் எந்தப் பேட் ஓரத்தில் கோடாக வெளிச்சம் வருகிறதோ அங்கே கசிவு. அழுத்தி மூடினால் எந்தக் கசிவும் தெரியாது. விற்பவர் அழுத்தித்தான் ஊதிக் காட்டுவார், அதைக் கேட்டு ஏமாறாதீர்கள். நீங்கள் கீழ் பி ஃப்ளாட்டைத் தாலாட்டு மாதிரி சன்னமாக ஊதுங்கள். கொடகொடவென்று நடுங்கினாலோ தானே மேல் ஸ்தாயிக்குத் தாவினாலோ எங்கோ காற்று போகிறது. ஜி ஷார்ப் சாவி திறக்காமல் ஒட்டிக்கொள்வது எல்லா சாக்ஸபோனுக்கும் வரும் ஜலதோஷம், அதற்காக வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

ஆல்டோவிலிருந்து வருவதால் ஒன்று. கத்ரி கோபால்நாத் வாசித்ததும் ஆல்டோதான், அந்த ஆல்டோ தருகிற தாராளத்தை சோப்ரானோவில் எதிர்பார்க்காதீர்கள். மவுத்பீஸ் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே கேட்கும். நல்ல கருவியிலும் முதல் நாள் மேல் ஸ்தாயி கோணலாகத்தான் வரும். அதனால் தார ஸ்தாயியை வைத்துக் கருவியை எடைபோடாமல், நடு ஸ்தாயியில் ஒரு விரல், மூன்று விரல், ஆறு விரல் மூன்றும் ஒரே அளவு ஏறியோ இறங்கியோ நிற்கிறதா என்று பாருங்கள். ஒரே அளவு என்றால் மவுத்பீஸில் சரியாகிவிடும். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

நான் கடைசியில் வாங்கியது யமஹா 475, கைமாறியது. பூவேலைப்பாடெல்லாம் கிடையாது. ஒரு விரலுக்கு 441 காட்டியது, ஜி ஷார்ப் ஒட்டியிருந்தது, பேரம் பேசாமல் எடுத்துக்கொண்டேன்.

உங்களுடையதை நேரில் பார்க்கக் கிளம்பும் முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். கட்டைவிரல் கொக்கிப் பக்கத்தைத் துணியால் துடைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்து, ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். எண்ணோடு எல் என்று இருந்தால் டிக்கெட் போடுங்கள். எழுத்தே இல்லையென்றால் ட்யூனரோடு போங்கள். எச் இருந்தால் அந்தப் போட்டோவை எனக்கும் அனுப்புங்கள், பெரம்பூர்க்காரருக்குக் காட்ட வேண்டும். கூட வாசிக்க ஆள் கிடைக்குமா என்று போன மாதம்கூடக் கேட்டார்.